வேர் சிகிச்சை செய்த பல் மீண்டும் வலித்தால்: ஆன்டிபயாட்டிக்கை நாடும் முன் செய்ய வேண்டியவை

வேர் சிகிச்சை (ரூட் கெனால்) முடிந்து மாதங்களோ ஆண்டுகளோ கழித்து அதே பல் மீண்டும் வலித்தாலோ, அதன் அருகே ஈறில் சிறு கொப்புளம் தோன்றிச் சீழ் கசிந்தாலோ, முன்பு எழுதித் தந்த மருந்துச் சீட்டைத் தேடி எடுத்து அதே மாத்திரைகளை வாங்கிவிடாதீர்கள். வலி சில நாள்களில் தணியக்கூடும். ஆனால் பல்லுக்குள் இருக்கும் பாக்டீரியா அங்கேயே இருக்கும். மருந்துக்குப் பணியும் கிருமிகள் வாயிலும் குடலிலும் மடிய, பணியாதவை பெருக இடம் கிடைத்துவிடும்.

மாத்திரை ஏன் உதவுவதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் பிற முடிவுகள் எளிதாகும். விழுங்கிய மருந்து இரத்தத்தின் வழியாகவே பயணிக்கிறது. வேர் சிகிச்சையில் பற்கூழ் (பல்லின் உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட மென்திசு) அகற்றப்பட்டுவிட்டதால் அந்தப் பல்லின் உட்குழாயில் இரத்த ஓட்டமே இல்லை. வேர்நுனியைச் சுற்றியுள்ள திசுவரை வரும் மருந்து, குழாயின் உட்சுவரிலும் பல்லின் உள்ளடுக்கான டென்டினின் நுண்துளைகளிலும் படலமாக ஒட்டி வாழும் பாக்டீரியாவைப் போதிய அளவில் எட்டுவதில்லை. எட்டினாலும், தனித்து மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் அளவைப்போலப் பல மடங்கு மருந்து அந்தப் படலத்துக்குத் தேவைப்படும்.

தோல்வியுற்ற வேர் சிகிச்சைகளில் அடிக்கடி பிரித்தெடுக்கப்படும் என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ் இதற்குத் தெளிவான சான்று. உணவின்றி நெடுநாள் தாக்குப்பிடிக்கும் இந்த பாக்டீரியா, குழாய்க்குள் வைக்கப்படும் கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற மருந்தின் கடும் காரத்தன்மையையும் ஓரளவு சமாளிக்கிறது. செஃபலோஸ்போரின் வகை மருந்துகளையும் கிளிண்டமைசினையும் தாங்கும் திறன் இதற்கு இயல்பிலேயே உண்டு. பல்வலிக்குப் பரவலாக எழுதப்படும் மெட்ரோனிடசோல், ஆக்சிஜன் இல்லாச் சூழலில் மட்டும் வாழும் பாக்டீரியாவையே தாக்குவதால், இதைத் தொடுவதில்லை. டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின் ஆகியவற்றுக்கான எதிர்ப்பு மரபணுக்களைப் பிற பாக்டீரியாவிடமிருந்து பெறவும் பிறவற்றுக்கு வழங்கவும் இதனால் முடியும். அமாக்சிசிலினுக்கு இது பெரும்பாலும் இன்னும் பணிகிறது என்றாலும், அந்தப் பணிவு ஆய்வகத் தட்டில் காணப்படுவது. பல்லின் உட்குழாயில் அதை எதிர்பார்க்க இயலாது.

ஆகவே முதல் வேலை பரிசோதனை. பழைய எக்ஸ்ரே படங்கள், சிகிச்சை நடந்த காலம், பல்லுறை பொருத்திய நாள், அண்மை மாதங்களில் உட்கொண்ட ஆன்டிபயாட்டிக்குகள், மருந்து ஒவ்வாமை ஆகியவற்றைக் குறித்து எடுத்துச் செல்லுங்கள். வலிக்குக் காரணம் பல்லில் விழுந்த விரிசலாகவோ, கடிக்கும்போது உயரமாக இடிக்கும் உறையாகவோ, பக்கத்துப் பல்லாகவோ இருக்கலாம். மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில் கண்ணுக்குத் தப்பிவிடும் கூடுதல் குழாய் ஒன்று பெரும்பாலும் உண்டு. அது சுத்தம் செய்யப்பட்டதா என்று தயங்காமல் கேளுங்கள்.

காய்ச்சல், உடற்சோர்வு, பரவிச்செல்லும் வீக்கம் ஆகியவை இருந்தால் ஆன்டிபயாட்டிக் உண்மையிலேயே தேவை. நோய் எதிர்ப்புத் திறன் குன்றியவர்களுக்கு மருத்துவர் இன்னும் முன்னதாகவே அதைத் தொடங்கலாம். தாடைக்கு அடியில் வீங்கி விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானால், வாயைத் திறக்க முடியாமல் போனால், அல்லது வீக்கம் கண்ணை நோக்கி ஏறினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இத்தகைய நிலையிலும் சீழை வெளியேற்றுவதே முதன்மைச் சிகிச்சை, மருந்து அதற்குத் துணை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் 3 முதல் 7 நாள் மருந்தையும், 3 நாளில் மறுமதிப்பீட்டையும் பரிந்துரைக்கிறது. எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மிஞ்சிய மாத்திரைகளை அடுத்த வலிக்கென்று சேர்த்துவைக்க வேண்டாம்.

வீக்கம் பரவவில்லையெனில், மறு வேர் சிகிச்சை பற்றிப் பேசுங்கள். பழைய நிரப்புப்பொருளை அகற்றி, உமிழ்நீர் புகாதவாறு ரப்பர் டேம் (பல்லைச் சுற்றிப் பொருத்தும் மெல்லிய ரப்பர் விரிப்பு) கட்டி, கிருமிநாசினியான சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் தாராளமாகக் கழுவுவதே அந்தப் படலத்தைக் குலைக்கும் வழி. ரப்பர் டேம் இல்லாமல் செய்வதாகச் சொன்னால் வேறு மருத்துவரை நாடுவதே நல்லது என்பது என் கருத்து. தற்காலிக அடைப்பு கசிந்தால் பாக்டீரியா மீண்டும் உள்ளே இறங்கும் என்பதால், நிலையான அடைப்பையும் உறையையும் தள்ளிப்போடாதீர்கள். மறு சிகிச்சை இயலாத இடத்தில் வேர்நுனி அறுவையோ பல் அகற்றலோ செய்யப்படும்.

சீழை வெளியேற்றி மருந்தும் கொடுத்த பிறகு வீக்கம் வடியாதபோது கிருமி வளர்ப்புச் சோதனை பயன்படும். வாய்க்கிருமிகள் கலக்காமல் ஊசியால் உறிஞ்சி எடுத்த சீழே அதற்கு உகந்த மாதிரி. ஈறைத் துடைத்தெடுத்த பஞ்சு, வாயில் இயல்பாக வாழும் பாக்டீரியாவையே காட்டும்.

சிகிச்சைக்குப் பின் எக்ஸ்ரேயில் வேர்நுனியருகே தெரியும் நிழல் மெதுவாகவே மறையும். ஓராண்டு கழித்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். முழுமையாக ஆறுவதற்கு நான்கு ஆண்டுகள்வரை ஆகலாம். வலியோ வீக்கமோ இல்லாமல் நிழல் மட்டும் எஞ்சியிருந்தால், அதற்காக ஆன்டிபயாட்டிக் உட்கொள்ளத் தேவையில்லை.