வீடியோவுக்கு கேப்ஷன் போடுறது எப்படி? பெரியம்மாவுக்காக நான் கத்துக்கிட்டது

எங்க பெரியம்மா மதுரை செல்லூர்ல பவர்லூம் தறியில இருபது வருஷத்துக்கு மேல வேலை பாத்தவங்க, அந்த தறி சத்தத்துலயே காது பைய பைய மந்தமாகி இப்ப ரெண்டு காதும் சுத்தமா கேக்காது. நான் சுங்குடிப் புடவை வீடியோ போட ஆரம்பிச்சதுல இருந்து ஒண்ணு விடாம பாப்பாங்க. ஒருநாள் "என்னத்தா, வாய் மட்டும் அசையுது, என்ன சொல்ற?"ன்னு கேட்டாங்க. அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுச்சு, எட்டு மாசமா நான் போட்டது எல்லாமே அவங்களுக்கு வெறும் படம்தான்.

மொதல்ல ஒரு விஷயம். கேப்ஷன்னா வீடியோவுல பேசுறதை ஸ்க்ரீன்ல எழுத்தா காட்டுறது, அது ரெண்டு வகை. வீடியோ மேலயே எழுத்தை ஒட்டிட்டா அது ஓப்பன் கேப்ஷன், யாராலயும் எடுக்க முடியாது. தனி ஃபைலா கூடவே வர்றது க்ளோஸ்ட் கேப்ஷன், பாக்குறவங்க சிசி பட்டனைத் தட்டி வேணும்னா போட்டுக்கலாம் வேணாம்னா எடுத்துடலாம், யூடியூப்ல எழுத்தை பெருசாக்கிக்கவும் முடியும். வயசானவங்களுக்கு இந்த பெருசாக்குற வசதி ரொம்ப முக்கியம், அதனால யூடியூப்புக்கு எப்பவும் க்ளோஸ்ட்தான் போடுங்க. 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 42-ஆவது பிரிவுலயே க்ளோஸ்ட் கேப்ஷன் பத்தி இருக்கு, ஆனா நம்ம சின்ன வீடியோவுக்கெல்லாம் யாரும் வந்து கேக்கப்போறதில்ல, நாமளாத்தான் போடணும்.

இப்ப வேலைக்கு வருவோம். வீடியோவை ஓடவிட்டு நீங்க பேசுனதை அப்படியே எழுதுங்க. கூகுள் கீபோர்டுல மைக்கைத் தட்டி தமிழ்ல பேசுனா அதுவே டைப் பண்ணும், பாதி வேலை குறையும், ஆனா அங்கிட்டு இங்கிட்டு, வெள்ளனன்னு நம்ம ஊர்ப் பேச்சு வர்ற இடத்துல தப்பா விழும், அதை கையால திருத்தணும். திருத்துறேன்னு "அந்தப் பக்கம்"னு மட்டும் மாத்திடாதீங்க. காது கேக்குறவங்க என்ன கேக்குறாங்களோ அதேதான் கேக்காதவங்க படிக்கணும், உங்க பேச்சோட ருசி அவங்களுக்கும் போய்ச் சேரணும்ல.

அடுத்தது வரி வெட்டுறது. எல்லாத்தையும் விட இதுக்குத்தான் நேரம் எடுத்துக்கங்க. ஒரு தடவைக்கு ரெண்டு வரிக்கு மேல வேணாம், நம்ம தமிழ் வார்த்தை நீளம், மூணு வரி வந்தா புடவையே மறைஞ்சிடும். அர்த்தம் முடியுற இடத்துல வெட்டுங்க. "இது கையால முடிச்சு"ன்னு நிறுத்திட்டு "போட்ட புடவை முடிச்ச"ன்னு அடுத்ததுல போட்டா படிக்கிறவங்களுக்கு தலை சுத்தும். இப்படி இருக்கணும்:

1
00:00:01,000 --> 00:00:04,000
இது கையால முடிச்சு போட்ட புடவை

2
00:00:04,200 --> 00:00:07,500
முடிச்ச அவுத்தா
உள்ள வெள்ளைப் புள்ளி தெரியும்

3
00:00:07,700 --> 00:00:09,500
[பின்னாடி மேளச் சத்தம்]

இதுதான் எஸ்ஆர்டி ஃபைல். மொதல்ல நம்பர், அப்புறம் எப்ப வரணும் எப்ப போகணும்னு நேரம் (மணி, நிமிஷம், செகண்ட், கமாவுக்கு அப்புறம் மில்லி செகண்ட்), அப்புறம் எழுத்து, அடுத்த நம்பருக்கு முன்னாடி ஒரு காலி வரி, அவ்வளவுதான். மூணாவதைப் பாத்தீங்களா, சத்தத்தையும் எழுதணும். சித்திரைத் திருவிழா சமயத்துல எடுத்த வீடியோவுல மேளம் கேட்டு நான் சிரிச்சிக்கிட்டே திரும்புவேன், எதுக்கு சிரிச்சேன்னு பெரியம்மாவுக்கு அந்த ஒரு வரி வந்தப்புறம்தான் புரிஞ்சுச்சு. கேமராவுக்கு வெளிய இருந்து யாராச்சும் பேசுனா அது யாருன்னும் போடுங்க, "அம்மா: விலை எவ்வளவுன்னு சொல்லு"ங்கிற மாதிரி.

லேப்டாப்ல நோட்பேட்ல டைப் பண்ணி சேவ் பண்றப்ப ரெண்டு இடத்தை கவனிங்க. ஃபைல் டைப்புல ஆல் ஃபைல்ஸ் வச்சு பேரு கடைசில புள்ளி வச்சு எஸ்ஆர்டின்னு இங்கிலீஷ்ல (.srt) முடிக்கணும், என்கோடிங்ல யூடிஎஃப்-8 இருக்கணும். ஆன்சின்னு இருந்தா தமிழ் பூராம் கேள்விக்குறியா மாறிடும், நான் ஒரு ராத்திரி பூரா டைப் பண்ணுனது அப்படித்தான் போச்சு.

இனி யூடியூப் ஸ்டுடியோவுக்குப் போய் உங்க வீடியோவோட சப்டைட்டில் பக்கத்தைத் திறந்து, மொழி தமிழ்னு வச்சு, அப்லோட் ஃபைல் குடுத்து, வித் டைமிங்னு தேர்ந்தெடுத்து, பப்ளிஷ் பண்ணிடுங்க.

ரீல்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இதுக்கெல்லாம் எழுத்தை வீடியோ மேலயே ஒட்டிடுங்க. இன்ஷாட் மாதிரி எடிட்டிங் ஆப்ல டெக்ஸ்ட் போட்டு ஒவ்வொரு வரிக்கும் நேரம் வைங்க. வெள்ளை எழுத்துக்குப் பின்னாடி கருப்புப் பட்டை குடுங்க, சுங்குடி மேல வெறும் வெள்ளை எழுத்து போட்டா புள்ளியோட புள்ளியா கலந்து போயிடும். ஸ்க்ரீன் அடியில ஒட்டாதீங்க, அங்க உங்க அக்கவுண்ட் பேரு வந்து மறைச்சிடும், வலது ஓரத்துல லைக் பட்டன் வரிசை இருக்கு, அதனால நடுவுக்கு கொஞ்சம் கீழ வைங்க.

போடுறதுக்கு முன்னாடி சவுண்டை சுத்தமா அணைச்சிட்டு ஒரு தடவை முழுசா பாருங்க. நான் இப்பல்லாம் பெரியம்மாகிட்ட போனைக் குடுத்துட்டு பக்கத்துல உக்காந்துக்குவேன். அவங்க எந்த இடத்துல நிறுத்தி திரும்பப் போட்டுப் பாக்குறாங்களோ அந்த வரி சீக்கிரமா ஓடிடுதுன்னு அர்த்தம், அதுக்கு ஒரு செகண்ட் கூட்டி வைப்பேன்.