பெரிய எண்ணைக் காரணிப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த மாதம் மூன்று மாணவர்கள் 2⁶⁷ − 1 என்ற ஒரே எண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூவரும் சறுக்கியது, பல ஆண்டுகளுக்கு முன் நான் சறுக்கிய அதே இடத்தில். கூட்டல் பிழை, இலக்கம் விடுபடுவது போன்றவை தாமாகவே கண்ணில் பட்டுவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

அடுக்கு பகா எண்ணானால் விடையும் பகா எண் என்று நம்புவது

11 பகா எண்தான். ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

விரிதாளில் எண்ணை எழுதுவது

இதைப் பார்க்கும்போது இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. எண்ணின் முழு வடிவம் 147573952589676412927. மொத்தம் 21 இலக்கங்கள். விரிதாள் மென்பொருள் 15 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தைச் சுழியாக்கிவிடுகிறது. ஓர் எச்சரிக்கைகூட வராது. திரையில் நிற்பது 147573952589676000000. கடைசியில் சுழி இருப்பதால் 2, 5 இரண்டாலும் வகுபடும் என்று மாணவி எழுதினாள். இலக்கங்களைக் கூட்டினால் 84, ஆகவே 3ஆலும் வகுபடும் என்றாள். அவள் முறையில் குற்றமில்லை. எண்தான் வேறு. உண்மையான எண்ணின் இலக்கக் கூடுதல் 109. அது 3ஆல் வகுபடாது. ஒற்றைப்படை எண் என்பதையாவது பார்த்திருக்கலாம்: 2இன் எந்த அடுக்கிலிருந்தும் 1ஐக் கழித்தால் ஒற்றைப்படைதானே வரும்? நானும் இப்படித்தான் இல்லாத ஓர் எண்ணின் காரணிகளை நான்கு பக்கம் எழுதி, ஒரு வாரத்தை இழந்தேன்.

பைத்தான் என்ற நிரல்மொழிக்கு மாறிவிட்டால் தீர்ந்தது என்றும் நினைக்காதீர்கள். அது முழு எண்களை எத்தனை இலக்கமானாலும் சிதைக்காமல் வைத்திருக்கும். ஆனால் ஒற்றைச் சாய்வுக்கோட்டால் (/) வகுத்தால் விடை தசம எண்ணாகிவிடும். அவ்வளவு பெரிய தசம எண்ணில் பின்னப் பகுதிக்கு இடமே கிடையாது. அதனால் 3ஆல் வகுத்தாலும் விடை முழு எண்ணாகவே தெரியும். மீதியைக் கேளுங்கள். 1 என்று வரும்.

எல்லாப் பகா எண்களையும் வரிசையாக முயல்வது

எண்ணின் வர்க்கமூலம் வரை முயல வேண்டியிருக்கும். 2⁶⁷ − 1இன் வர்க்கமூலம் 1,214 கோடியைத் தாண்டுகிறது. அடுக்கு 67 பகா எண் என்பதால், காரணி எதுவானாலும் 134இன் மடங்கோடு 1 சேர்ந்ததாகத்தான் இருக்கும். அந்த வரிசையை மட்டும் சோதியுங்கள்.

பகு எண் என்று தெரிந்ததும் காரணியும் கிடைத்ததாக எண்ணுவது

2இன் எந்த அடுக்குகளிலிருந்து 1ஐக் கழித்தால் பகா எண் வரும் என்று பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644இல் தந்த பட்டியலில் 67 இருந்தது. அதாவது 2⁶⁷ − 1 பகா எண் என்றார். 1876இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா அது பகு எண் என்று நிறுவினார், ஆனால் காரணி ஒன்றும் அவர் கையில் இல்லை. 1903இல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் 193707721 × 761838257287 என்று பெருக்கிக் காட்டினார். சிறிய காரணியிலிருந்து 1ஐக் கழித்து 134ஆல் வகுத்துப் பாருங்கள்: 1445580, மீதி இல்லை.

விடையைப் பெருக்கிப் பார்க்காமல் விடுவது

பெருக்குங்கள். காகிதத்தில், 21 இலக்கங்களும் வரும்வரை.