கண்டி ராஜ வம்சாவளி வரையும்போது நேரும் தவறுகள்

உக்குவளையில் பெரியப்பா முறையான ஒருவர், அலுமாரியில் சுருட்டி வைத்திருந்த சார்ட் தாளை எடுத்து மேசையில் விரித்தார். சுருளாமலிருக்க மூலைக்கொரு தேத்தண்ணிக் கோப்பை. உச்சியில் திருமலை நாயக்கர். அங்கிருந்து அம்புக்குறிகள் நேராக இறங்கி, கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைத் தொட்டு, பெரியப்பாவின் தாத்தாவில் வந்து நின்றன. ஒவ்வோர் அம்பின் பக்கத்திலும் சிவப்பு மையில் ‘மகன்’. “பாரு தம்பி, ஒரு ஆள்கூட விடுபடல” என்றார்.

அந்தச் சிவப்பு ‘மகன்’தான் முதல் தவறு. கண்டியின் கடைசி நான்கு மன்னர்களில் ஒருவர்கூடத் தமக்கு முன் ஆண்டவருக்குப் பிறந்தவர் அல்லர். 1739இல் வீர நரேந்திரசிங்கன் இறந்தபோது, தென்னிந்திய நாயக்கர் வீட்டிலிருந்து வந்த பட்டத்து ராணிக்குப் பிள்ளையில்லை. கண்டிப் பெண்ணொருத்திக்குப் பிறந்த உனம்புவே பண்டார இருந்தும், முடி ராணியின் சகோதரனுக்குப் போனது. அவர்தான் ஸ்ரீ விஜய ராஜசிங்கன். அவரும் 1747இல் வாரிசின்றி இறக்க, அவருடைய ராணியின் சகோதரன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் வந்தார். 1782இல் அவர் தம்பி ராஜாதி ராஜசிங்கன். 1798இல் அவருடைய ராணியின் சகோதரி மகன் கண்ணுசாமி, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்ற பெயரில் முடிசூடினார். மைத்துனன், மைத்துனன், தம்பி, ராணியின் சகோதரி மகன். இதை மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்தால் இல்லாத தகப்பன்மாரை நாமே உண்டாக்கிவிடுகிறோம்.

ஆகவே ராணிமாரை விட்டுவிட்டுக் கண்டி வம்சாவளி எழுதவே முடியாது. பெரும்பாலான தாள்களில் அவர்களுக்கு ஓர் ஓரம்கூடக் கிடைப்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். நாயக்கர்கள் வருவதற்கு முன்பும் இதே கதைதான். டோனா கத்தரினா என்று போர்த்துக்கேயர் அழைத்த குசுமாசன தேவி, முதலாம் விமலதர்மசூரியனுக்கும், அவர் 1604இல் இறந்த பின் செனரத்துக்கும் மனைவி. இருவருடைய அரியணை உரிமைக்கும் பலம் சேர்த்தது அவர் பிறந்த வீடு. இரண்டாம் ராஜசிங்கன் அவருக்கும் செனரத்துக்கும் பிறந்த மகன். தாயின் இரண்டாம் மணத்தை எழுதாதவர்கள் ராஜசிங்கனை விமலதர்மசூரியனுக்குக் கீழே தொங்கவிடுகிறார்கள்.

எண்களை நம்புவது இன்னொரு தவறு. முதலாம், இரண்டாம் என்றிருந்தால் தகப்பனும் பிள்ளையும் என்று எடுத்துக்கொள்கிறோம். முதலாம் ராஜசிங்கன் சீதாவாக்கை அரசன். கண்டி மன்னன் கரலியத்தே பண்டாரவைத் துரத்தியவன். அந்தக் கரலியத்தேயின் மகள்தான் குசுமாசன தேவி. அதாவது இரண்டாம் ராஜசிங்கன், முதலாமவன் துரத்தியடித்தவருக்கு மகள் வயிற்றுப் பேரன்! பெயர் ஒன்று, வீடு வேறு. பட்டப் பெயரும் இப்படித்தான் ஏமாற்றும். கண்ணுசாமியையும் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனையும் அண்ணன் தம்பியாகப் போட்ட தாளும் என் கைக்கு வந்திருக்கிறது.

வருஷப் பெயரை வைத்துக் காலம் குறிப்பதில் கவனம் வேண்டும். கண்டியை பிரிட்டிஷார் கையில் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான 1815 மார்ச் 2, தமிழ்க் கணக்கில் பவ வருஷம். சித்திரை பிறந்தால்தான் யுவ. ஆனால் 1754இல் பிறந்ததும் பவ, 1874இல் பிறந்ததும் பவ. வெறுமனே ‘பவ வருஷம் மாசி’ என்றிருந்தால் அறுபது வருஷம் முன்னோ பின்னோ வழுக்கிவிடலாம், இரண்டு தலைமுறை காணாமல் போகும். சாலிவாகன சக ஆண்டு கிடைத்தால், ஆங்கில ஆண்டுக்கு 78ஐக் கூட்டுங்கள். தை முதல் பங்குனி வரையான மாதங்களுக்கு 79. அந்த ஒப்பந்த நாள் சக வருஷம் 1736இல் விழுவது அப்படித்தான்.

திருமலை நாயக்கரிலிருந்து தொடங்குவது பற்றியும் சொல்லவேண்டும். கண்டிக்கு வந்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து ராணிமாராக வந்த பெண்களின் வீட்டார், தெலுங்கு பேசிய வடுகர். மதுரையை ஆண்ட வீட்டோடு அவர்களுக்கு என்ன உறவு என்பது தனியாக நிறுவவேண்டிய விஷயம். ‘நாயக்கர்’ என்ற ஒரு சொல் அதற்குப் போதாது.

தோட்ட வேலைக்கு வந்த மலையகக் குடும்பங்களுக்கும் அந்தச் சொல் போதாது. 1815 ஒப்பந்தமே பதவியிழந்த மன்னனின் ஆண் உறவினர்கள் கண்டி நாட்டுக்குள் கால்வைக்கக்கூடாது என்று தடுத்தது. மன்னனும் ராணிகளும் 1816இல் வேலூருக்கு அனுப்பப்பட்டார்கள். 1832இல் அவர் இறந்ததும் அங்கேதான். 1817இல் பிரிட்டிஷாருக்கு எதிராக ஊவாக் கிளர்ச்சி மூண்டபோது, நாயக்கர் வாரிசு துரைசாமி என்று சொல்லிக்கொண்டு தலைமை ஏற்றவர், வில்பாவே என்ற முன்னாள் பிக்கு. ரத்த உரிமைக்கு அவ்வளவு மதிப்பு இருந்ததால்தான் பொய் உரிமையும் அப்போதே முளைத்தது. கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் திறந்தது 1824இல். மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழி நடந்து வந்த நம் ஆட்களில் நாயக்கர், நாயுடு என்ற பெயருள்ளவர்களும் உண்டு. அவர்கள் வந்தது அரண்மனை காலியான பிறகு. நடுவில் தாளோ பதிவோ இல்லாமல் அந்த இடைவெளியைத் தாண்டக்கூடாது.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மூன்று தடவை போய் வந்த பிறகே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தாத்தாவுக்கும் ஸ்ரீ விக்கிரமனுக்கும் நடுவே இருந்த அம்பின் மேல் வெள்ளைத்தாள் துண்டொன்றை ஒட்டி, பென்சிலால் புள்ளிக்கோடு போட்டு, பக்கத்தில் ‘அப்பாயி சொல்லக் கேட்டது’ என்று எழுதினார்.