கழுத்துத் தேய்வு, டிஸ்க் வருத்தம் உள்ளவர்கள் முதன்முதலாகக் குதிரை ஏறுவது எப்படி?

மட்டக்களப்பில் சவாரி பழகக் குதிரை கிடைப்பது அரிது. எங்கட ஆட்கள் பலர் முதன்முதல் குதிரை ஏறுவது ஏப்ரல் விடுமுறைக்கு நுவரெலியா போகும்போதுதான். கழுத்துத் தேய்வோ இடுப்பு டிஸ்க் வருத்தமோ இருந்தால் அந்த ஆசையை அடியோடு விடத் தேவையில்லை. ஆயத்தத்தை மட்டும் ஊரிலேயே தொடங்குங்கள்.

முதலாவது, கிளினிக். எக்ஸ்-ரே, ஸ்கேன் படங்களைக் கொண்டுபோய், "முள்ளந்தண்டு உறுதியாக இருக்கிறதா? நரம்பு நசிபடுகிறதா?" என்று வைத்தியரிடம் நேராகவே கேளுங்கள். அண்மையில் ஒப்பரேஷன் செய்தவர்கள், எலும்பு முறிந்தவர்கள், கை கால் பலம் குறைந்து வருபவர்கள் ஏறவே கூடாது. கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு ஏறலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். பட்டி தேவைப்படுகிற கழுத்துக்குச் சவாரி வேண்டாம்.

இரண்டாவது, உடம்பைப் பழக்குதல். காலையில் கல்லடிக் கடற்கரையில் இரண்டு கையையும் இடுப்பெலும்பில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். வலமும் இடமும் மாறி மாறி ஏறி இறங்குவது கைக்குத் தெரியும். குதிரை மெல்ல நடக்கும்போதும் உங்கள் இடுப்பு ஏறக்குறைய இப்படித்தான் அசையும். பிறகு வீட்டில் ஒரு ஸ்டூலில் சாயாமல், காதும் தோளும் இடுப்பும் ஒரே கோட்டில் வர உட்காருங்கள். கால் மணி நேரம் நோவில்லாமல் இருக்க முடியாவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

மூன்றாவது, பயணம். செங்கலடியில் பிரியும் ஏ5 வீதி மகா ஓயா, பிபிலை, பதுளை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகிறது. அத்தனை வளைவிலும் குலுங்கிய முதுகோடு அன்றைக்கே குதிரை ஏற வேண்டாம். ஒரு இரவு நன்றாகப் படுத்து எழும்புங்கள்.

நான்காவது, ஏறுவதும் இறங்குவதும். ஆபத்து அதிகம் இங்கேதான். தரையில் நின்று அங்கவடியில் (சேணத்தில் தொங்கும் கால்வளையம்) காலை வைத்து எம்பினால் முதுகு முறுகும், முழுப் பாரமும் ஒரு பக்கம் இழுக்கும். உயரமான படி அல்லது உறுதியான ஸ்டூல் கேளுங்கள். ஒருவர் கடிவாளத்தைப் பிடித்துக் குதிரையை அசையாமல் நிறுத்தட்டும். இடப்பக்கமாக ஏறி, சேணத்தில் தொப்பென்று விழாமல் மெதுவாக அமருங்கள். இறங்கும்போதும் குதிக்காமல் அதே படியில் கால் வையுங்கள். உதவி கேட்க வெட்கப்படாதீர்கள். போலியோவால் முழங்காலுக்குக் கீழே வலுவிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல், பிறர் துணையோடு குதிரை ஏறித்தான் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

தலைக்கவசம் கட்டாயம். ஆனால் மோட்டார் சைக்கிளுக்குப் போடும் முழு ஹெல்மட் வேண்டாம். அந்தப் பாரம் கழுத்துக்கு ஆகாது. சவாரிக்கென்று செய்த, பாரம் குறைந்த கவசம் தராத இடத்தில் ஏறாதீர்கள்.

ஐந்தாவது, நடை மட்டும். குதிரைக்காரரிடம், "ஓட்ட வேண்டாம் அண்ணா, பிடித்துக்கொண்டு நடத்துங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். துள்ளோட்டத்தில் எதிரெதிர் மூலையில் உள்ள கால்கள் இரண்டிரண்டாகத் தரையில் படுவதால், ஒவ்வொரு அடியும் உங்களைத் தூக்கிப் போடும். தேய்ந்த டிஸ்க் அந்த இடியைத் தாங்காது. கீழே குனிந்து குதிரையின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் தூரத்தில் பாருங்கள். முதல் முறைக்குப் பத்து நிமிடம் போதும்.

கை விரல் விறைத்தாலோ, காலில் மின்சாரம்போல நோவு ஓடினாலோ உடனே நிறுத்தச் சொல்லுங்கள். சிறுநீர் கட்டுப்பாடில்லாமல் போனால், அல்லது கால் பலமிழந்தால், ஊர் திரும்பும்வரை காத்திராமல் கிட்டிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒன்றுமில்லையென்றாலும் இரண்டு நாள் உடம்பைக் கவனித்து, கழுத்தும் இடுப்பும் வழமைபோல இருந்தால் மட்டும் அடுத்த சவாரியைப் பதினைந்து நிமிடமாக்குங்கள்.