ஆடிப் பண்டிகைக்கு சேலம் வருகிறீர்களா? பொருட்காட்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டார்கள் என்று தெரிந்ததுமே எங்கள் வீட்டுப் பாய்கள் மொட்டைமாடிக்குப் போய் வெயில் காயும். வீடு சேலத்தில் குகை என்கிற பகுதியில். சென்னையிலிருந்து சின்னம்மா குடும்பம், ஓசூரிலிருந்து மச்சான் குடும்பம், "சேலத்துப் பண்டிகையைப் பார்த்ததே இல்லை" என்று அவர்களோடு தொற்றிக்கொண்டு வரும் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று மூன்று நாளைக்கு இருபது தலை தேறும். பொங்கல் வைத்து, கறிக்குழம்புச் சட்டி காலியாகி, மதியத் தூக்கமும் கலைந்ததும் சின்னப் பிள்ளைகளிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். பொருட்காட்சிக்கு எப்போ போறோம்?

வருஷா வருஷம் கூட்டிக்கொண்டு போய் வந்ததில் ஒன்று புரிந்தது. சாயங்காலம் கெட்டுப்போவது ராட்டினத்தில் இல்லை. வீட்டைவிட்டுக் கிளம்பும்போதோ டிக்கெட் கவுண்டர் வாசலிலோ கெட்டுப்போகிறது. பாதித் தவறு விருந்தாளிகள் செய்வது. மீதிப் பாதி எங்களைப் போன்ற வீட்டுக்காரர்கள் செய்வது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் நாள். சேலத்தில் எட்டுப்பேட்டை மாரியம்மன் கோயில்களிலும் ஆடியில்தான் பண்டிகை. அதனால் ஏதோ ஒரு பேட்டையில் தினமும் ஏதோ ஒரு விசேஷம் இருக்கும். எங்கள் குகையில் வண்டி வேடிக்கை நடக்கும் இரவில் பொருட்காட்சிக்குக் கிளம்புகிறவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அலங்கரித்த வண்டிகளில் பக்தர்கள் சாமி வேஷம் கட்டி வரிசையாக வருவார்கள். அதைப் பார்க்க ஊரே தெருவில் நிற்கும்போது ஆட்டோ எந்தச் சந்தில் நுழையும்? அந்த ராத்திரிக்கு வண்டி வேடிக்கையையே பாருங்கள். ராட்டினம் நாளைக்கும் சுற்றும்.

இடத்தையும் ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது. எங்கள் தலைமுறைக்கு அரசுப் பொருட்காட்சி என்றாலே போஸ் மைதானம்தான். ஆனால் பழைய பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டிய காலத்தில் அந்த மைதானமே தற்காலிக பஸ் ஸ்டாண்டாகிவிட்டது. பத்து வருஷத்துக்கு முன்பு பார்த்த ஞாபகத்தில் ஆட்டோக்காரரிடம் இடத்தைச் சொல்லாமல், இந்த வருஷம் எந்தத் திடல் என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

நேரத்தில் தவறு செய்வது பெரும்பாலும் வீட்டுக்காரர்தான். "காப்பி குடிச்சிட்டுப் போலாம், பலகாரம் சாப்பிட்டுப் போலாம்" என்று உபசரித்து ஏழரை ஆக்கிவிடுவோம். அந்த நேரத்தில் ஊரும் உள்ளே வந்திருக்கும். ஆடியில் இங்கே பொழுது சாய ஆறே முக்கால் ஆகிவிடும். அதற்கு அரை மணி நேரம் முன்பே உள்ளே இருந்தால், ராட்டினத்தில் ஏறும்போது வெளிச்சம், இறங்கும்போது விளக்கு என்று இரண்டையும் ஒரே டிக்கெட்டில் பார்த்துவிடலாம்.

அடுத்தது வயிறு. மதியம் கறிச்சோறு, நாலு மணிக்குப் பலகாரம், உள்ளே நுழைந்ததும் டெல்லி அப்பளம், அதன்பிறகு ஊஞ்சல் மாதிரி ஆடுகிற கப்பலான கொலம்பஸ் என்கிற வரிசையில் போனால் என்ன நடக்கும் என்பதை ஒரு வருஷம் என் சட்டையே பார்த்துவிட்டது. காதுக்குள் சமநிலையைக் கவனிக்கும் உறுப்பு ஒன்று இருக்கிறது. அது உடம்பு ஆடுகிறது என்கிறது, கண்ணோ எதிரில் இருக்கிறவர் ஆடாமல்தான் உட்கார்ந்திருக்கிறார் என்கிறது. இந்த இரண்டு சாட்சிக்கும் நடுவில் மூளை குழம்பும்போதுதான் குமட்டல் வருகிறது. வயிறு நிறைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஆடிக்கொண்டே போனைப் பார்த்து வீடியோ எடுப்பது இதற்கு எண்ணெய் ஊற்றுகிற வேலை.

கொலம்பஸில் எங்கே உட்காருகிறோம் என்பதும் முக்கியம். கப்பலின் இரண்டு முனைகளும்தான் அதிக உயரம் போய் வரும். அந்த 'வயிற்றில் பூச்சி பறக்கிற' உணர்வு அங்கேதான் அதிகம். நடு வரிசையில் பாதிகூட இருக்காது. இளவட்டங்கள் முனைக்கு ஓடும்போது அவர்களோடு ஓடிப்போய் உட்கார்ந்துவிட்டு அரை வழியில் "நிறுத்துங்க நிறுத்துங்க" என்று கத்தினால் நிறுத்த மாட்டார்கள். கத்துவது உற்சாகத்தில் என்றே எடுத்துக்கொள்வார்கள். முதல் தடவை என்றால் நடுவில் உட்காருங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

சாப்பாட்டைக் கடைசிக்கு வையுங்கள். டெல்லி அப்பளம் கண் முன்னால் எண்ணெயிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும், மிளகாய்த்தூளைப் பாதியாகத் தூவச் சொல்லுங்கள். தட்டுவடை செட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சேலத்துக்கு வந்துவிட்டு, அதைக் கையில் வாங்கி, "ஓ, பேல் பூரி மாதிரி" என்கிறார்கள். மாதிரி இல்லை. இரண்டு சின்னத் தட்டுவடைக்கு நடுவில் சட்னி தடவி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம் வைத்து அழுத்தித் தருவார்கள். முழுதாக வாய்க்குள் போக வேண்டிய சாமான் அது. நாகரிகமாகப் பாதி கடித்தால் மீதிப் பாதி உங்கள் வெள்ளைச் சட்டையில்தான். இதற்குப் பொருட்காட்சிக்கே போக வேண்டியதில்லை, தெருமுனைத் தள்ளுவண்டியிலேயே நன்றாக இருக்கும். வீட்டுக்காரர் எந்த வண்டிக்குப் போகிறாரோ அதற்குப் போங்கள். ஒவ்வொரு சேலத்துக்காரருக்கும் ஒரு வண்டி உண்டு, அதைப் பற்றி அவரோடு வாதம் செய்யாதீர்கள்.

இப்போது பணம். எனக்குத் தெரிந்து அதிக மனஸ்தாபம் வருவது இதில்தான். டிக்கெட் கவுண்டர் என்பது கை நுழைகிற அளவுக்கு ஓட்டை வைத்த ஒரு தகரப் பெட்டி. அந்த ஓட்டைக்குள் ஒரே நேரத்தில் என் கையும் மச்சான் கையும் போயின, இரண்டு கையிலும் ஐந்நூறு ரூபாய் நோட்டு. "மாப்ள, நீங்க கையை எடுங்க." "அதெல்லாம் முடியாது, நம்ம ஊருக்கு வந்துட்டு நீங்களா?" இழுபறியில் ஒரு நோட்டு நடுவில் கிழிந்தது. உள்ளே இருந்த பையன் கிழிந்த துண்டை வெளியே தள்ளிவிட்டு, "யாராச்சும் ஒருத்தர் கொடுங்கண்ணா, பின்னாடி ஆள் நிக்குது" என்றான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. அன்று ராத்திரி இட்லியைக்கூட இரண்டோடு நிறுத்திக்கொண்டார்.

நுழைவுக் கட்டணம் தனி, ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனி, அப்பளம் தனி, பொம்மை தனி. இருபது பேர் என்றால் வீட்டுக்காரருக்கு உண்மையிலேயே பெரிய செலவு. அவர் வாயைத் திறந்து சொல்லவும் மாட்டார். விருந்தாளி கவுண்டரில் வந்து பாய்வதைவிட, காலையிலேயே காப்பி குடிக்கும்போது "பிள்ளைங்க ராட்டினம் எல்லாம் என் கணக்கு, மத்தது உங்க கணக்கு" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள். வீட்டுக்காரரும் ரொம்ப முறுக்கிக்கொள்ளாமல் சரி என்றுவிட வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது இதுதான் வழக்கம். சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் சிக்னல் படுத்துக்கொண்டால் போனில் பணம் அனுப்புவது நடக்காது.

ஒப்பிட்டுப் பேசுவதும் அப்படித்தான், வலிக்கிற தவறு. "பெங்களூர் வொண்டர்லாவுல இதெல்லாம் எவ்வளவு சுத்தமா இருக்கும் தெரியுமா?" தெரியும். அது வருஷம் முழுக்க ஒரே இடத்தில் நிற்பது, இது ஊர் ஊராகக் கழற்றி மாட்டுகிற வியாபாரம்.

ஓசூர் மச்சானின் மகன் டென்மார்க்கில் வேலை பார்க்கிறான். போய் இறங்கிய புதிதில் அவன் தங்கியிருந்த வீட்டுக்காரர்கள் ஒரு சாயங்காலம் அவனை டிவோலிக்கு அழைத்துப் போனார்களாம். கோபன்ஹேகன் நகரத்துக்கு நடுவிலேயே 1843-இல் திறந்த பூங்கா அது. அங்கே 1914-இல் கட்டிய மரத்தாலான ரோலர் கோஸ்டர் இன்றைக்கும் ஓடுகிறது. பயணிகளோடு ஒரு ஆளும் உட்கார்ந்து பிரேக் போட்டுக்கொண்டே வருவார் என்றான். போன ஆடியில் இங்கே வந்தபோது, தொட்டில் ராட்டினத்தைக் கையால் தள்ளிச் சுற்றுகிற பெரியவர் பக்கத்திலேயே ரொம்ப நேரம் நின்றான். "அங்கயும் இதேதான் மாமா, மிஷினுக்குப் பக்கத்துல ஒரு மனுஷன்" என்றான். ஒப்பிடுவதென்றால் இப்படி ஒப்பிடுங்கள்.

அவன் சொன்ன இன்னொன்றும் என்னைத் தைத்தது. "அவங்க என்னை எதுலயும் ஏறச் சொல்லி வற்புறுத்தல. உனக்கு எதுல ஏறணும்னு கேட்டாங்க, அப்புறம் சும்மா கூட நடந்தாங்க." நாங்கள் அப்படியா? "இவ்வளவு தூரம் வந்துட்டு ஏறாமப் போறதா, பயந்தாங்கொள்ளி" என்று தள்ளி ஏற்றிவிடுகிற கூட்டம்தானே. பயப்படுகிற பிள்ளையைப் பிடித்து ஏற்றாதீர்கள். இதய நோய் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் ஆடுகிற, சுழல்கிற எதிலும் ஏற வேண்டாம். அதைச் சபையில் வைத்துக் காரணம் கேட்கவும் வேண்டாம். ஒருத்தர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஏறுகிறவர்களுக்குச் சில விஷயங்கள். துப்பட்டா, முந்தானை, நீளப் பின்னல் எல்லாவற்றையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். சுழலும் பாகத்தில் துணியோ முடியோ சிக்கினால் இயந்திரம் உடனே நிற்காது. பெட்டியின் குறுக்குக் கம்பியை மாட்டிப் பின் போட்டார்களா என்று நீங்களே ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள். போடவில்லை என்றால் வெட்கப்படாமல் கூப்பிடுங்கள். முழுதாக நிற்பதற்குள் எழுந்திருக்காதீர்கள். மழை பெய்த அன்று இன்னும் கவனம் வேண்டும். ஆடி ஆவணியில் சேலத்து மழை பெரும்பாலும் சாயங்காலம் இடியோடுதான் வரும். இந்த ராட்டினங்கள் நிற்பது கான்கிரீட் தூண்மேல் இல்லை, மண்மேல் வைத்த கட்டைமேல். தரை சொதசொதவென்று இருந்தாலோ காற்று பலமாக அடித்தாலோ பெரிய ராட்டினத்தை விட்டுவிடுங்கள். தரையில் கிடக்கும் ஜெனரேட்டர் ஒயரை மிதித்து நடக்காதீர்கள்.

மரணக் கிணற்றுக்கு ஏறிப் போகிறீர்களா? பைக் வேகம் எடுக்க எடுக்கச் சக்கரம் சுவரை அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் வரும் உராய்வுதான் ஆளைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்கிறது, மாயம் ஒன்றும் இல்லை. கார் ஏறும்போது பலகை முழுக்க அதிரும். அந்த நேரத்தில் பிள்ளையைக் கைப்பிடிக் கம்பிமேல் உட்கார வைத்து, கையில் பத்து ரூபாயைக் கொடுத்து, "நீட்டு, அண்ணன் வந்து பிடுங்கிட்டுப் போவார்" என்று விளையாட்டுக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கிறபோது நமக்குத்தான் குலை நடுங்கும்.

பிள்ளை தொலைவது எல்லா வருஷமும் யாருக்காவது நடக்கும். "தொலைஞ்சா ராட்டினத்துக்குக் கீழ வந்து நில்லு" என்று சொல்லி வைப்பது பெரிய தவறு. எல்லாரும் அதையேதான் சொல்லியிருப்பார்கள், அங்கேதான் நிற்கவே இடம் இருக்காது. அரசுத் துறை அரங்குகளில் ஒன்றைக் காட்டி வையுங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தீயணைப்புத் துறை அரங்கு. சிவப்பாக இருக்கும், யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். சின்னதுகளின் முன்கையில் பேனாவால் போன் நம்பரை எழுதிவிடுங்கள். கிளம்பும் முன் வாசலில் எல்லாரையும் நிறுத்தி ஒரு போட்டோ எடுங்கள். மைக்கில் சொல்லும்போது என்ன நிறச் சட்டை என்று பெற்ற அம்மாவுக்கே மறந்துபோகும்.

இதையெல்லாம்விட நான் வருத்தப்படுகிற தவறு ஒன்று உண்டு. வயதானவர்களைப் பை வைக்கிற ஆணியாக்கிவிடுவது. பல வருஷமாகச் சின்னம்மாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மடியில் நாலு கைப்பை, காலடியில் எட்டு ஜோடிச் செருப்பு என்று விட்டுவிட்டுப் போவோம். "நீங்க எல்லாம் போங்கடா, நான் பாத்துக்கிறேன்" என்றுதான் அவரும் சொல்வார். போன வருஷம் என் மனைவி மட்டும், "அத்தை, உங்களுக்கு ஏறணும்னு இருக்கா?" என்று கேட்டாள். அறுபத்தெட்டு வயது. ரத்த அழுத்தம் கிடையாது, முழங்கால்தான் கொஞ்சம் தகராறு. பதில் சொல்லாமல் பைகளை ஒவ்வொன்றாக என் தோளில் மாட்டிவிட்டார்.

பெரிய ராட்டினம்தான். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி முதல் சுற்று முழுக்கக் கண்ணைத் திறக்கவில்லையாம். இரண்டாவது சுற்றில் ஆள் ஏற்றுவதற்காக ராட்டினம் நின்றபோது இவர்கள் பெட்டி உச்சியில் இருந்தது. வடக்கே சேர்வராயன் மலை கறுப்பாக நின்றது. அதன் இடுப்பில் ஒற்றை வெளிச்சம் ஒன்று மெதுவாக வளைந்து ஏறிப்போனது. "அது என்னடி, நட்சத்திரமா?" என்று கேட்டாராம். ஏற்காட்டுக்குப் போகிற வண்டி என்று என் மனைவி சொன்னதும், அது அடுத்த கொண்டை ஊசி வளைவில் மறையும் வரை பேசவே இல்லையாம். கீழே இறங்கி வந்ததும் என்னிடம் கேட்டது, "செருப்பு எல்லாம் சரியா இருக்கா, எண்ணினியா?"

எண்ணவில்லை. ஒரு ஜோடி குறைந்தது, என்னுடையதுதான்.

திரும்பும்போது கடைசி ராட்டினம் நிற்கும்வரை இருக்காதீர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் ஆட்டோ கிடைக்காது, கிடைத்தாலும் கேட்கிற கூலியில் இன்னொரு தடவை எல்லாரும் கொலம்பஸில் ஏறலாம். பத்து நிமிஷம் முன்னால் கிளம்புங்கள். வீட்டுக்கு வந்ததும் சேற்றுச் செருப்போடு உள்ளே போய்விடாமல் வாசல் குழாயில் கழுவிக்கொள்ளுங்கள். அன்று காலையில்தான் வீட்டுக்காரம்மா பண்டிகைக்காகத் திண்ணை வரை கழுவிக் கோலம் போட்டிருப்பார்.