வன்னி வெயிலும் 1990 அம்புலன்ஸ் அழைப்பும்

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் சித்திரை மாதத்தில் சூரியன் தலைக்கு நேர் மேலே வருகிறது. அந்த உச்சம் கழிந்த பின்னர் தென்மேற்கிலிருந்து வீசத் தொடங்கும் வறண்ட கச்சான் காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், உடலிலிருந்து எவ்வளவு நீர் போயிற்று என்பது வேலை செய்பவருக்கே தெரிவதில்லை. ஆகவே சிறுபோக (கோடைக்கால நெற்செய்கை) வயலில் நிற்பவர்கள் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி நீர் அருந்த வேண்டும். கடும் வேலையை முற்பகல் 11 மணிக்கு முன் முடித்துவிடுவது நல்லது. மோரும் பழஞ்சோற்றுத் தண்ணீரும் போதும், சோடா வேண்டியதில்லை. ஜீவனி (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புச் சர்க்கரைத் தூள்) கரைப்பதானால், ஒரு பைக்கற்றுக்குக் கொதித்தாறிய நீர் ஒரு லீற்றர் என்ற அளவை மாற்றக்கூடாது. சிறுநீரக நோயாளர் எவ்வளவு குடிக்கலாம் என்பதை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தலைச்சுற்றும் தசைப்பிடிப்பும் வந்தவரை நிழலில் இருத்தி நீர் கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார். உடல் அனலாய்க் கொதிக்க, பேச்சுக் குழறி, ஆளை அடையாளம் தெரியாமல் தடுமாறினாலோ, வலிப்பு வந்தாலோ, மயங்கி விழுந்தாலோ, வியர்த்துக்கொண்டிருந்தாலும்கூட அது உயிராபத்துத்தான். ஒருவர் 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்க, மற்றவர்கள் அவரை நிழலுக்குத் தூக்கிச் சென்று, சட்டையைக் கழற்றி, கிணற்று நீரை வாளி வாளியாக உடலெங்கும் ஊற்றி, விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டி வந்து சேரும்வரை இதை நிறுத்தக்கூடாது. நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாமல் பக்கவாட்டில் படுக்க வைக்கவும்.

1990 இலவச சேவை, தமிழிலேயே பேசலாம். முதலில் இடத்தைச் சொல்லுங்கள். "பிள்ளையார் கோயிலடி" என்றால் வன்னியில் எந்தப் பிள்ளையார் என்ற கேள்வி எழும் (குளத்துக்கொரு பிள்ளையார் இருக்கிறாரே). மாவட்டம், கிராமம், ஏ9 போன்ற பிரதான வீதியிலிருந்து திரும்பும் சந்தி, அதன்பின் குளக்கட்டா வாய்க்கால் வீதியா, எந்த மதகு என்ற ஒழுங்கில் சொன்னால் சாரதிக்கு வழி விளங்கும். எதிர்முனையில் வைக்கச் சொல்லும்வரை தொலைபேசியை வைக்காதீர்கள். பின்னரும் நீங்கள் அழைத்த அந்தத் தொலைபேசியை வேறு அழைப்புகளுக்குப் பயன்படுத்தாமல் வைத்திருங்கள். ஒருவர் சந்தியில் நின்று கைகாட்டட்டும்.

காய்ந்த புல்லில் தீப் பிடித்தால் 110, பொலிஸ் உதவிக்கு 119. மாதாந்தக் கிளினிக்குக்குப் போக 1990ஐ அழைக்கக்கூடாது; அந்நேரம் வேறொருவர் வயலில் விழுந்து கிடக்கலாம். நோயாளியுடன் ஏறுபவர் அவருடைய கிளினிக் கொப்பியையும் வழக்கமாக எடுக்கும் மருந்துகளையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.