பழைய எம்ஜிபி கார்ல சென்டர் மிரர் ஆடுதா? கம்பில இருந்து ஆரம்பிங்க

ராயபுரத்துல எங்க மாமா வீட்டு ஷெட்ல ஒரு எம்ஜிபி நிக்குது, கூரை இல்லாத ரெண்டு சீட்டு வண்டி, இங்கிலாந்துல ஆபிங்டன்ங்கிற ஊர்ல 1962ல இருந்து 1980 வரைக்கும் செஞ்ச மாடல். ஓட்ட அவ்ளோ ஆசையா இருக்கும், ஆனா எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல ஏறிட்டா சென்டர் மிரர்ல ஒண்ணுமே தெரியாது, பின்னாடி வர்றது கன்டெய்னர் லாரியா ஷேர் ஆட்டோவான்னு கூட புரியாது, எல்லாம் கலங்குன தண்ணில தெரியுற நிழல் மாதிரி இருக்கும். இது ரொம்ப தாழ்வான வண்டிங்க, டிரெய்லர் ஓட்டுறவருக்கு மேல இருந்து பாத்தா நாம கண்ணுலயே பட மாட்டோம், அப்ப நாமதான் அவர பாத்துக்கணும், அதனால இத சின்ன விஷயம்னு விடாதீங்க.

நானும் முதல்ல மிரர்தான் கோளாறுன்னு நெனச்சு வேற ஒண்ணு வாங்கி மாட்டினேன், அதுவும் அப்படியே ஆடுச்சு. வண்ணாரப்பேட்டைல பழைய அம்பாசடர் வேலை பாக்குற அண்ணன் ஒருத்தர் வந்து பாத்துட்டு "இன்னா தம்பி, கம்பியே லூசா கீது, மிரர மாத்தி இன்னா பண்ணுவ"ன்னாரு. அப்பதான் உறைச்சுது.

எம்ஜிபில முன் கண்ணாடிக்கு நடுவுல மேல ஃபிரேம்ல இருந்து கீழ பாடி வரைக்கும் ஒரு மெலிசான குரோம் கம்பி போகும், மிரர் அதுலதான் கிளாம்ப் போட்டு நிக்குது, மேலயும் கீழயும் நகத்திக்கலாம். நம்ம மொட்டை மாடில துணி காயப்போடுற கொடி இருக்கே, அதே கதைதான். கொடி தொய்வா இருந்தா ஈரத்துணி கெடந்து ஆடும், நடுவுல போட்டா இன்னும் அதிகமா ஆடும், ஓரமா போட்டா அடங்கிடும். அதனால கம்பிய முறுக்கா வைக்கணும், மிரர கம்பியோட நடுவுல இருந்து தள்ளி மேல் முனைக்கிட்ட கொண்டு போகணும், பாக்குறதுக்கு வசதியா இருக்குற வரைக்கும்தான். இந்த ஒண்ணுலயே எனக்கு பாதிக்கு மேல ஆட்டம் கொறஞ்சுது, அஞ்சு பைசா செலவு இல்ல.

கம்பியோட கீழ் முனைல மரை இருக்கும், அங்க இருக்குற நட்ட கால் சுத்து கால் சுத்தா டைட் பண்ணுங்க, ஒவ்வொரு தடவையும் கம்பிய விரலால சுண்டி பாருங்க, தொளதொளன்னு ஆடுனது போய் சுருக்குன்னு அதிர்ந்து நின்னா போதும். அதுக்கு மேல இழுத்தா மேல் ஃபிரேம் வளைஞ்சு முன் கண்ணாடியே விரிசல் விட்டுடும், அத திருப்பி வாங்குறது லேசுப்பட்ட காரியம் இல்ல. இன்னொண்ணு, நம்ம ஏரியா கடல் காத்து. ஃபிரேம் அலுமினியம், ஸ்குரூ எல்லாம் இரும்பு, உப்புக்காத்துல ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு அரிச்சு புடிச்சுக்கும், காசிமேடு திருவொற்றியூர் பக்கம் வண்டி நிக்கிறவங்களுக்கு இது கண்டிப்பா இருக்கும். துரு ஆயில் விட்டு ராத்திரி ஊற விட்டுட்டு காலைல கழட்டுங்க, புடிவாதமா திருகுனா தலை உடைஞ்சு உள்ளயே தங்கிடும்.

அடுத்தது கிளாம்ப். கம்பிக்கும் கிளாம்புக்கும் நடுவுல சைக்கிள் டியூப் ரப்பர் ஒரு சுத்து வச்சு டைட் பண்ணுங்க, ஒரு சுத்து மட்டும், தடிமனா வச்சா மிரர் ரப்பர் மேல மிதந்து இன்னும் ஆடும். மிரர் உறைக்குள்ள கண்ணாடி சில்லு லூசா இருக்கான்னு நகத்தால தட்டி பாருங்க, கடகடன்னா ஓரத்துல கொஞ்சம் சிலிகான் விட்டா சரியாயிடும். டேஷ் மேல காம்பு வச்ச மிரர் இருக்குற வண்டின்னா அடிப்பக்கம் ரப்பர் பேக்கிங் வச்சு இறுக்குங்க. மிரர்ல சாமி டாலர், எலுமிச்சம்பழம் எதுவும் தொங்க விடாதீங்க, சாமிய டேஷ்போர்டுல வச்சுக்கலாம்.

இவ்ளோ பண்ணியும் ஆடுதுன்னா அதிர்வு எங்க இருந்து வருதுன்னு பாக்கணும். வண்டிய நிறுத்தி வச்சு நியூட்ரல்ல ஆக்சிலேட்டர் குடுங்க. நின்ன எடத்துலயே ஆடுனா இன்ஜின். ஓடும்போது மட்டும், அதுவும் குறிப்பிட்ட வேகத்துல மட்டும் ஆடுனா வீல். நாலு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவ அடிக்கும், அப்ப ஐடிலிங்ல, அதாவது ஆக்சிலேட்டர் மிதிக்காம சும்மா ஓடும்போது, 800 ஆர்பிஎம்னா (நிமிஷத்துக்கு 800 சுத்து) நொடிக்கு 27 அடி, 3000ல 100 அடி. வீல் பாத்தீங்கன்னா 80 கிலோமீட்டர் வேகத்துல நொடிக்கு 11, 12 சுத்துதான், அதனால அந்த ஆட்டம் மெதுவா ஸ்டீயரிங்லயும் சேந்து தெரியும், இன்ஜின் ஆட்டம் பொடிப்பொடியா கூசும்.

இன்ஜின்னா அத தாங்குற மவுண்ட் ரப்பர் பாருங்க, ஆயில் பட்டு ஊறி பிஞ்சிருக்கும், கியர்பாக்ஸ் கீழ இருக்குற மவுண்ட்ட மறந்துடாதீங்க. அப்புறம் பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற ரெண்டு எஸ்யூ கார்புரேட்டரும் ஒரே அளவு காத்து இழுக்குதான்னு ஒரு ரப்பர் குழாய காதுல வச்சு ஒவ்வொரு வாய்கிட்டயும் கேளுங்க, ரெண்டு பக்கமும் ஒரே "ஸ்ஸ்" சத்தம் வரணும். இதுக்கு பெரிய ஷோரூம் தேட வேணாம், எம்ஜிபியோட 1798 சிசி இன்ஜினும் பழைய அம்பாசடரோட 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பிஎம்சி) செஞ்ச ஒரே பி சீரிஸ் இன்ஜின் குடும்பம், அம்பாசடர்ல கை பழகுன மெக்கானிக் இத பாத்து பயப்பட மாட்டாரு. வீல்னா பேலன்சிங் பண்ணுங்க, கம்பி வீலா இருந்தா சைக்கிள் கடைல பண்ற மாதிரி ஒவ்வொரு ஸ்போக்கா தட்டுங்க, "டிங்"னு வராம மொத்தையா சத்தம் வந்தா அது லூசு.

கடைசியா வெயிட். டயர் கடைல ஒட்டுற ஈயத்துண்டு, 5 கிராம் 10 கிராம்ல கிடைக்கும், மிரர் முதுகுல ஒண்ணு ஒட்டி ஓட்டி பாருங்க, எடை ஏறுனா மிரர் தானா ஆடுற வேகம் கொறையும், நீங்க வழக்கமா ஓட்டுற ஆர்பிஎம்ல ஆடாது. ஆனா நெறைய ஒட்டுனா அந்த ஆட்டம் கீழ எறங்கி ஐடிலிங்ல வந்து நிக்கும், சிக்னல்ல நின்னா மிரர் நடுங்கும், அதனால ஒண்ணு ஒண்ணா.

டெஸ்ட் பண்ண ஞாயித்துக்கெழம விடிகாலைல கெளம்புங்க, லாரி கியூ கொஞ்சம் கம்மியா இருக்கும், 40, 60, 80னு ஒவ்வொரு வேகத்துலயும் பின்னாடி வர்ற வண்டியோட ஹெட்லைட் ரெண்டும் தனித்தனியா வட்டமா தெரியுதான்னு பாருங்க. ரெண்டு வாரம் கழிச்சு அந்த நட்டையும் கிளாம்ப் ஸ்குரூவையும் திரும்ப ஒரு தடவ தொட்டு பாருங்க, புது ரப்பர் அமுங்குனதும் கொஞ்சம் லூசாகும், எனக்கு கால் சுத்து வேண்டியிருந்துச்சு.